கொட்டு மிஸ்

"கொட்டு."

"மிஸ்?"

"பையைக் கொட்டுப்பா. மேஜை மேலயே கொட்டு. எடுக்க வேண்டியது ஏதாவது இருந்தா எடுத்துக்கோ. நான் பத்து எண்ணுறேன்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு சத்தமாக எண்ணத் தொடங்குகிறார். எதிரே நிற்கும் பதினேழு வயதுப் பையன் ஒரு நிமிஷம் திருதிருவென்று விழிக்கிறான். ஆறு என்று கேட்டதும் அவசரமாகப் பைக்குள் கையை விட்டு எதையோ உருவிச் சட்டைக்குள் திணிக்கிறான். பத்து முடிந்து கண் திறக்கும்போது பை கவிழ்கிறது. புத்தகங்கள், ஜியாமெட்ரி பாக்ஸ், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், ஒற்றைக் காலுறை. அவற்றோடு ஏழு அரை ரப்பர்களும் உருண்டு வந்து விழுகின்றன. ஏழும் பிளேடால் நேராக வெட்டியவை.

"இது என்ன, ரப்பர் கடையா?"

"யாராவது கேட்டா குடுப்பேன் மிஸ். முழுசா குடுத்தா திரும்பி வராது. அதான் பாதி பாதியா வெட்டி வெச்சிருக்கேன்."

"பாதி மட்டும் திரும்பி வருதா?"

"அதுவும் வராது மிஸ்."

அவ்வளவுதான். வேதியியல் ஆசிரியை பேனாவை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். அந்தப் பையன் தொண்ணூற்றாறு சதவீதம் வாங்குகிறவன் என்பது அவர் எழுதும் கடிதத்தின் கடைசி வரியில்தான் வரும். முதல் வரி இப்படி இருந்தது: "இவனிடம் எதைக் கேட்டாலும் பாதி கிடைக்கும், மறுநாள் கேட்டால் மீதியும் கிடைக்கும்."

இந்தப் பழக்கத்தால் அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கொட்டு மிஸ். கீழ் வகுப்புகளில் இருப்பவர்கள் தலையில் கொட்டுவார் போலிருக்கிறது என்று நினைத்து, அவர் வருகிற தாழ்வாரத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அவர் கொட்டி நான் பார்த்ததில்லை. கொட்டச் சொல்லித்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் என் அறையில். நான் இந்தப் பள்ளியின் நூலகர். ஆசிரியர்கள் அறையில் இரைச்சல் தாங்கவில்லை என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் "ரெண்டே ரெண்டு நாளைக்கு, சார்" என்று வந்து, ஜன்னல் ஓர மேஜையில் உட்கார்ந்தவர். ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை.

எங்கள் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இங்கே நுழையவே ஒரு தேர்வு உண்டு. அதில் தேறி வருகிற ஒவ்வொரு பிள்ளையும் தன் பழைய பள்ளியில் முதல் ரேங்க். அப்படி இருநூற்று எண்பது முதல் ரேங்க்குகளை ஒரே வகுப்பு மட்டத்தில் கொண்டுவந்து அடைத்தால் என்ன ஆகும்? ஒரு பிள்ளை இருநூற்று எண்பதாவதாக நின்றே தீர வேண்டும். வேறு பள்ளியாக இருந்தால் மாலை மரியாதையோடு மேடையில் ஏற்றிவைப்பார்கள். இங்கே அந்தப் பிள்ளைக்குப் பெயர் "சுமார்". பெரிய கல்லூரிகளோ ஒரு பள்ளியிலிருந்து ஐந்து பேரையோ ஆறு பேரையோதான் எடுக்கும். விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது, வகுப்பில் எத்தனையாவது என்று. தொண்ணூற்றாறு என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்தில் நூற்றுப் பதினெட்டு என்று எழுதும்போது சில பிள்ளைகளின் பேனா தடுமாறுவதை நான் இந்த அறையில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக ஒன்று கேட்கிறார்கள்: பள்ளியின் சிபாரிசுக் கடிதம், ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தில்தான் கொட்டு மிஸ்ஸின் ராஜ்யம். முதல் இருபது ரேங்க்குக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கப் போட்டி போட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். மிச்சமிருக்கிறவர்களில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத தொண்ணூறு நூறு பேரை அவர் வாங்கிக்கொள்கிறார். போன வருஷம் தொண்ணூற்றிரண்டு. ஒவ்வொன்றையும் முதலில் கையால் எழுதி, அடித்துத் திருத்தி, மறுபடி கையால் படியெடுத்துத்தான் தட்டச்சுக்கு அனுப்புவார். ஒரு பிள்ளைக்கு எழுதிய வரியை இன்னொரு பிள்ளைக்கு எழுத மாட்டார்.

"மார்க்கைத்தான் அவங்களே பாத்துடுவாங்களே சார். நானும் அதையே எழுதினா எதுக்கு எனக்கு ஒரு பேனா?"

ஆள் குள்ளம். கண்ணாடி ஒரு கறுப்புக் கயிற்றில் தொங்கும். ஆய்வகத்து அமிலம் பட்டு அவர் உடைகள் எல்லாவற்றிலும் எங்காவது ஒரு பொட்டு ஓட்டை இருக்கும். தோளில் தலையணை அளவுக்கு ஒரு கைப்பை. ஆய்வகத்தில் எதையும் நேராக மூக்கில் வைத்து முகரக் கூடாது, கையால் விசிறி வாசனையை வரவழைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து அதுவே அவருக்கு உடம்போடு ஒட்டிவிட்டது. டீ வந்தால் விசிறிப் பார்த்துத்தான் குடிப்பார். புதுப் புத்தகம் வந்தாலும் விசிறல்தான். ஒரு முறை முதல்வர் அனுப்பிய சுற்றறிக்கையை விசிறி முகர்ந்துவிட்டு, "சரியில்ல சார்" என்று திருப்பி வைத்தார். படித்துப் பார்த்தேன். விடுமுறையில் இரண்டு நாள் வெட்டு.

பையைக் கொட்டுவதில் அவர் கண்டுபிடித்தவை ஏராளம். ஒரு பெண்ணின் பையில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருந்தன. ஒன்று அவளுடையது, இன்னொன்று தினமும் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வரும் பக்கத்து இருக்கைக்காரியுடையது. நூற்று எழுபத்தொன்றாவது ரேங்க் பையன் ஒருவனின் பையில் முந்நூறு பஸ் டிக்கெட்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று பொடி எழுத்தில் குறித்திருந்தான். "எதுக்குடா இது?" என்று கேட்டதற்கு, "மூணாவது ஸ்டாப்லதான் மிஸ் லேட் ஆகுது, டிரைவர் மேல தப்பில்ல" என்றான். கொட்டு மிஸ் அந்த மூன்றாவது நிறுத்தத்தைப் பற்றியே ஒரு பக்கம் எழுதினார். புள்ளியியலுக்குப் பேர்போன கல்லூரி ஒன்று அவனைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டது. எங்கள் கணக்கு சாருக்கு இன்றுவரை அதை நம்ப முடியவில்லை.

விஷயம் வெளியே கசியாமல் இருக்குமா? பெற்றோர் காதுக்கு எட்டிவிட்டது. ஒரு அப்பா நேரிலேயே வந்து, "மேடம், பையில என்னென்ன இருந்தா நல்லதுன்னு ஒரு லிஸ்ட் குடுத்தீங்கன்னா…" என்று இழுத்தார். மறுவாரம் ஒரு பையனின் பையிலிருந்து சதுரங்கக் கோப்பை, வயலின் நரம்பு, பாடம் பண்ணின இலை, அனாதை இல்லத்துக்கு உதவிய ரசீது எல்லாம் ஒழுங்காக வந்து விழுந்தன. கொட்டு மிஸ் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "இதெல்லாம் எந்தக் கடைப்பா?" என்றார். பையன் காது சிவக்க, "அம்மா அடுக்கினாங்க மிஸ்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனை அவருக்குப் பிடித்துப்போனது. நாளைக்கு அம்மா அடுக்காத பையோடு வரச் சொல்லி அனுப்பினார்.

அவர் கடிதங்களில் ஒரு வார்த்தைக்கு அனுமதி இல்லை. "நல்ல."

"நல்ல பையன், நல்ல பொண்ணுன்னு எழுதினா என்ன அர்த்தம் தெரியுமா சார்? இந்தப் புள்ளையைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா என்னைத் தொந்தரவு பண்ணலைன்னு அர்த்தம்."

மற்ற ஆசிரியர்கள் எழுதிய கடிதங்கள் கைக்கு வந்தால், சிவப்புப் பென்சிலால் முதலில் "நல்ல"வை அடித்துவிட்டுத்தான் மீதியைப் படிப்பார். நூலக வாசலில் நான் ஒட்டியிருந்த அறிவிப்பையும் விட்டுவைக்கவில்லை. "புத்தகங்களை நல்ல நிலையில் திருப்பித் தரவும்" என்பதில் "நல்ல"வைச் சுழித்து, ஓரத்தில் "எந்த நிலை?" என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அந்தத் தாளை இன்னும் மாற்றவில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே வருகிறார்கள், சிரிக்கிறவர்கள் புத்தகம் எடுக்கிறார்கள்.

அவருடைய பேனாவைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. சாம்பல் நிற உலோகப் பேனா. வேலைக்குச் சேர்ந்த நாளில் வாங்கியது. அதில் ஒரு அதிசயம் இருப்பதாக அவருக்கு நம்பிக்கை.

"நாலு வருஷமா ரீஃபில் மாத்தலை சார். தீரவே இல்லை. ராசியான பேனா."

"டீச்சர், பொருண்மை அழியாமை விதியை நீங்கதானே பிள்ளைகளுக்கு நடத்துறீங்க?" என்று கணக்கு சார் மடக்குவார். காகிதத்தில் ஏறிய மை பேனாவில் குறைந்திருக்க வேண்டாமா?

"எல்லா விதிக்கும் ஒரு விலக்கு இருக்கு. இது என்னோட விலக்கு. போங்க சார் வேலையைப் பாத்துக்கிட்டு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிறுபிள்ளைப் பெருமை வரும். அதைக் கெடுக்க யாருக்கும் மனசு வராது.

அவரைத் தவிர வீட்டில் இரண்டே பேர். கணவர் சரக்குக் கப்பலில் என்ஜின் பொறுப்பில் இருக்கிறார். வருஷத்தில் எட்டு மாதம் கடல், நான்கு மாதம் தூக்கம் என்பார் கொட்டு மிஸ். இன்னொரு ஆள் மகள். போன வருஷம் எங்கள் பள்ளியிலேயே கடைசி வகுப்பு. ரேங்க் நூற்று நாலு.

மண்ணுக்கு அடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதைப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்தப் படிப்பு இரண்டே இரண்டு கல்லூரிகளில் இருக்கிறது. ஒன்று ஊரே வாயைப் பிளக்கும் பெரிய கல்லூரி. மற்றது தூரத்தில், ஒரு நாள் ரயில் பயணத்தில் இருக்கிற சின்னக் கல்லூரி. பெரிய கல்லூரி எங்கள் பள்ளியிலிருந்து நாற்பதாவது ரேங்க்குக்குக் கீழே யாரையும் எடுத்ததில்லை. ஆக, அவளுக்கு இருந்த ஒரே பிடி அந்த ஒரு பக்கக் கடிதம். அதை எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய அம்மா. சொந்தக்காரர் எழுதக் கூடாது, எழுதியதைப் பார்க்கவும் கூடாது என்பது விதி.

ஒரு மதியம் ஜன்னல் மேஜையிலிருந்து எழுந்து என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். எட்டு வருஷத்தில் அவர் அப்படி நின்று பார்த்ததில்லை.

"சார், நம்ம பொண்ணுக்கு நீங்கதான் எழுதணும். மூணு வருஷமா மதியத்துல உங்க ரூம்லதானே கெடக்கா."

"அதுக்கென்ன டீச்சர், ஜமாய்ச்சிடுவோம்" என்று வாயை விட்டுவிட்டேன். அன்று மாலை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது வண்டவாளம். மூன்று வரி எழுதினேன். நல்ல மாணவி. நல்ல பழக்கவழக்கம் உடையவள். நல்ல வாசகி. மூன்று வரியில் மூன்று "நல்ல". என் கை தானாகவே சிவப்புப் பென்சிலைத் தேடியது. மூன்று வருஷமாக என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் என்னைத் தொந்தரவு பண்ணவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அம்மாவிடமே கேட்டுப் பார்த்தேன்.

"ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க டீச்சர், போதும். நான் பிடிச்சுக்குவேன்."

"நான் சொல்லக் கூடாது சார். சொன்னா நான் எழுதின மாதிரி ஆயிடும்." கதவுவரை போனவர் திரும்பி வந்தார். "ஒண்ணே ஒண்ணு… இல்ல, வேண்டாம்." மறுபடி போனார், மறுபடி வந்தார். "உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கும் தெரியலை சார். ஊர்ப் புள்ளைங்க பையெல்லாம் கொட்டிப் பாத்திருக்கேன். இவ பையை ஒரு நாளும் கொட்டிப் பாத்ததில்லை. கூடவே இருக்காளே, பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த என் டீயை எடுத்து விசிறிவிட்டு, குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

வேறு வழி? மதியம் மகள் வந்ததும் அவர் மேஜையில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

"கொட்டும்மா."

அவள் சிரித்துவிட்டாள். "அம்மா மாதிரியேவா சார்? கண்ணை மூடிக்கிட்டுப் பத்து எண்ணுவீங்களா?"

எண்ணினேன். கண்ணைத் திறந்தபோது பையில் இருந்ததெல்லாம் மேஜையில் கிடந்தது. புத்தகங்கள், மண்வகைப் படம் ஒன்று, கறுப்பு ஜெல் பேனா இரண்டு, தண்ணீர் பாட்டில். ஒரு சின்ன அட்டைப் பெட்டியும் இருந்தது. அதில் நீல ரீஃபில்கள், உலோகக் குழாய் வகை. இந்தப் பெண் நோட்டில் கறுப்பில் எழுதித்தான் பார்த்திருக்கிறேன்.

"இது யாருக்கு?"

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எடுத்து ஒளிச்சிடலாம்னுதான் பாத்தேன் சார். பத்துக்குள்ள முடிவு பண்ண முடியலை."

பிறகு சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா யாரோ ஒரு பையனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது பாதி வரியில் பேனா தீர்ந்துபோனது. வேறு பேனா தேடி எடுத்து வருவதற்குள் மனசில் இருந்த வரி போய்விட்டது.

"ரெண்டு நாளா சரியா சாப்பிடலை சார். 'அவனுக்கு அந்த வரிதாண்டி சரியா இருந்துச்சு'ன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போயிட்டாங்க. கடைசில வேற வரி எழுதினாங்க. அவனுக்கு எங்கேயும் கிடைக்கலை. அதுக்கும் இந்த வரிக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? ஆனா அம்மா இருக்குன்னு நெனச்சாங்க. அதுலேர்ந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அவங்க குளிக்கப் போறப்ப மாத்திடுவேன். பாதி தீர்ந்த ரீஃபில்ல நான் வீட்டுல ரஃப் கணக்கு போட்டுக்குவேன்."

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"ராசியான பேனான்னு அவ்வளவு சந்தோஷமா சொல்றாங்க சார். நீங்களும் சொல்லிடாதீங்க."

அன்று எழுதினேன் கடிதம். ஒரே மூச்சில், ஒரு பக்கம். அந்தப் பேனாவைப் பற்றியும், அது ஏன் தீருவதில்லை என்பதைப் பற்றியும் எழுதினேன். நாலு வருஷத்தில் அவள் ஒரு முறைகூடத் தவறவில்லை, ஒருவரிடமும் சொல்லவில்லை என்று எழுதினேன். கடைசியில் பூமிக்குள் ஓடும் தண்ணீரையும் பேனாவுக்குள் ஓடும் மையையும் முடிச்சுப் போட்டு ஒரு வரி எழுதி, என் திறமையை நானே மெச்சிக்கொண்டு, பிறகு அதை அடித்துவிட்டேன். கொட்டு மிஸ்ஸோடு எட்டு வருஷம் உட்கார்ந்ததற்கு இதுகூட வராவிட்டால் எப்படி?

மறுநாள் அந்தக் கடிதத்தை இரண்டு உறைகளில் போடுவதற்காக மேஜையில் விரித்து வைத்திருந்தேன். அவர் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அது எதுவென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வாசலிலேயே நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"எடுத்து வெச்சிடுங்க சார். ஒண்ணு… ரெண்டு…"

நான் ஏழிலேயே எடுத்து வைத்துவிட்டேன். அவர் பத்துவரை எண்ணிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

பெரிய கல்லூரியின் பதில் முதலில் வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து ஐந்து பேரை எடுத்திருந்தார்கள். ஐந்து பேரில் கடைசி ஆளின் ரேங்க் முப்பத்தொன்று. மகளுக்கு இடம் இல்லை.

என் கடிதம்தான் கவிழ்த்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. பேனா ரீஃபிலைப் பற்றி எந்தப் பைத்தியக்காரன் எழுதுவான்? கொட்டு மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் போய் நின்றேன்.

"உங்க லெட்டர் இல்லை சார்" என்றார். "நூத்தி நாலுங்கிறது ஒரு எண்ணு. அவங்க எண்ணைப் பாத்தாங்க, மூடி வெச்சிட்டாங்க. லெட்டரைப் பிரிச்சிருக்கவே மாட்டாங்க. வருஷா வருஷம் தொண்ணூறு புள்ளைங்களுக்கு இதைத்தானே சொல்றேன். இன்னைக்கு எனக்கு நானே சொல்லிக்கிறேன்."

அன்று யாரையும் பை கொட்டச் சொல்லவில்லை. டீ வந்தது. விசிறாமல் குடித்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பதினெட்டு நாள் கழித்துச் சின்னக் கல்லூரியின் கடிதம் வந்தது. நூலகத்துக்குள் ஓடக் கூடாது என்று எட்டு வருஷமாகப் பிள்ளைகளை விரட்டுகிறவர், என் மேஜைவரை ஓடியே வந்தார். இடம் கிடைத்துவிட்டது. தாளை மூக்குக்கு எட்ட வைத்துக் கையால் விசிறி, "நல்லா இருக்கு சார்!" என்றார். "நல்லா" என்று சொன்னதை அவரும் கவனிக்கவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை.

"ஆனா ஒண்ணு மட்டும் புரியலை. கீழ பாருங்க."

அச்சடித்த கடிதத்தின் அடியில், கையெழுத்துக்குக் கீழே, யாரோ மையால் ஒரு வரி எழுதியிருந்தார்கள். "பேனா இன்னும் எழுதுகிறதா?"

"இது என்ன சார் கேள்வி? வேற யாருக்கோ எழுதினதை இதுல எழுதிட்டாங்களோ? இவகிட்ட கேட்டா, 'எனக்கென்னம்மா தெரியும், பெரியவங்க ஏதோ எழுதுவாங்க'ன்னு ரூமுக்குள்ள போயிட்டா."

எனக்கு அப்போது அவசரமாகக் கீழ்த்தட்டில் ஒரு புத்தகம் தேட வேண்டியிருந்தது. குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

மகள் ரயிலேறிப் போய் இரண்டு மாதம் ஆகிறது. கணவர் கடலில். வீட்டில் இப்போது இவர் மட்டும்தான். முன்னெல்லாம் மணி அடித்ததும் கிளம்பிவிடுகிறவர், இப்போது நான் ஜன்னல்களைச் சாத்தும்வரை உட்கார்ந்திருக்கிறார். நானும் ஜன்னல்களை மெதுவாகத்தான் சாத்துகிறேன். இந்த வருஷத்துக் கடிதங்கள் தொடங்கிவிட்டன. எண்பத்தேழு பேர்.

போன வியாழக்கிழமை பத்தொன்பதாவது கடிதம். எழுதிக்கொண்டே இருந்தவர் நின்றார். பேனாவை உதறினார். முனையில் வாயால் ஊதினார். தாளின் மூலையில் கிறுக்கினார், உள்ளங்கையில் கிறுக்கினார். வெறும் கீறல்.

"தீர்ந்துடுச்சா?" என்றார், யாரோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட மாதிரி. "போன வருஷம் தொண்ணூத்திரண்டு லெட்டர் எழுதியும் தீரலையே…"

அத்தோடு நிறுத்திக்கொண்டார். பேனாவைத் திருகி ரீஃபிலை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். அவருடைய உதடுகள் அசைந்தன. வருஷத்துக்குத் தொண்ணூறு கடிதம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், நாலு வருஷம். ஒரு ரீஃபில் மிஞ்சிப்போனால் எத்தனை பக்கம் எழுதும்? ஆயிரம் முறை அவர் பிள்ளைகளுக்கு நடத்திய கணக்குதான். அந்த விதிக்கு விலக்கு கிடையாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துகொள்ள விரும்பாமல் இருந்திருப்பார்.

"பேனா இன்னும் எழுதுகிறதா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியும் சார்."

"தெரியும் டீச்சர். அதைத்தான் எழுதினேன்."

நாற்காலியில் தொங்கிய கைப்பையை எடுத்தார், ஜன்னல் மேஜை மேல் தலைகீழாகக் கவிழ்த்தார். சாவிக்கொத்து, சில்லறை, இருமல் மாத்திரை, பழைய வினாத்தாள், கணவரின் கடிதம், தேய்ந்துபோன சாக்பீஸ்கள். கண்ணை மூடவில்லை, எண்ணவில்லை. பக்கவாட்டு அறையின் ஜிப் மூன்று வருஷமாகத் திறக்காது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்து இழுத்தார். யாரோ மெழுகு தேய்த்து வைத்திருந்த ஜிப் வழுக்கிக்கொண்டு திறந்தது. உள்ளே ஒரு அட்டைப் பெட்டி. பன்னிரண்டு ரீஃபில்கள்.

அவர் அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. ஒன்றை எடுத்துப் பேனாவில் போட்டுத் திருகினார். பேனா எழுதுகிறதா என்று பார்ப்பதற்குத் தாளின் மூலையில் எல்லோரும் ஏதாவது கிறுக்குவோம், சுழி போடுவோம். அவர் கிறுக்கவில்லை. நிதானமாக, அச்சுப் போன்ற கையெழுத்தில் இரண்டு வார்த்தைகள் எழுதினார்.

நல்ல பொண்ணு.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கை, பழக்க தோஷத்தில், சிவப்புப் பென்சிலை எடுத்தது. பென்சில் வார்த்தைவரை போனது, கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு அதன் குறுக்கே போகாமல் அடியில் இறங்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அழுத்தமாக ஒரு கோடு போட்டது.